நோரா பெயருக்கு வந்த கடிதங்கள்

நோரா மார்ச் மாதம் இறந்தாள். அவர்கள் வீட்டுக்கான வாடகை உதவித்தொகை அவள் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. அவள் போனதும் நகராட்சி அதை நிறுத்திவிட்டது. அவள் கணவன் கிளிஃப் தன் பெயரில் புதிதாக விண்ணப்பித்திருக்க வேண்டும். அதைச் சொல்லி வந்த கடிதங்களோ இறந்துபோனவள் பெயருக்கே வந்தன.

நான் கீழ்வீட்டுக்காரன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். அக்டோபரில் வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகுதான் ஒரு பை நிறையக் கடிதங்களோடு கிளிஃப் என் கதவைத் தட்டினான்.

"யோவ், ஒண்ணைக்கூடவா பிரிச்சுப் பார்க்கல?"

"அவளுக்கு வந்தது, டெஸ். அவ லெட்டரை நான் என்னிக்குப் பிரிச்சிருக்கேன்?"

எங்கள் குடியிருப்பு நகராட்சியுடையது. வாடகை கேட்பதும் அவர்கள், உதவித்தொகை தருவதும் அவர்கள். ஒரே அலுவலகம், வேறு வேறு மாடி. உதவித்தொகையை மார்ச்சிலிருந்து முன்தேதியிட்டுத் தரும்படி அவனுக்காக நான் மனு எழுதிக் கொடுத்தேன். இத்தனை மாதமும் விண்ணப்பிக்க முடியாமல் போனதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். மனைவி இறந்த துக்கத்தில் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை என்று எழுதினேன். அது உண்மைதான். அவன் பல நாள் சாப்பிடவே இல்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போகும்போதே சொல்லிவைத்தேன்: "எது கேட்டாலும் முடியலன்னு மட்டும் சொல்லு."

"சரி சரி."

எதிரே உட்கார்ந்த டானியா என்ற பெண் நல்லவள். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"இந்த ஏழு மாசமும் வெளிய எங்கயும் போகலையா சார்?"

"போனேனே. நோரா லைப்ரரியில எடுத்த புக்கு மூணு கிடந்துச்சு. ஏப்ரல்ல கொண்டுபோய்க் கொடுத்து அபராதம் கட்டினேன். பேங்குல அவ கணக்கையும் முடிச்சேன்."

மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.

"அவ யாருகிட்டயும் கெட்ட பேர் வாங்கினதில்ல, கண்ணு."

டானியாவின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. "இதை எழுதிக்கணுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எழுதிக்கோம்மா. நடந்ததுதானே."

திரும்பும்போது பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினேன். "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல, முட்டாப்பயலே!"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு. சொன்னேன்," என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நூலகத்துக்கும் வங்கிக்கும் போக முடிந்தவர் விண்ணப்பமும் கொடுத்திருக்க முடியும், மனு நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீடு செய்தோம். ஜனவரியில் பத்து நிமிடம் கேட்டார்கள். அதே முடிவு. "உங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு வருந்துகிறோம்" என்று மட்டும் ஒரு வரி கூடியிருந்தது.

பிப்ரவரியில் அவன் வீட்டைக் காலி செய்தான். நோராவின் துணிகளை என் மனைவி மூட்டை கட்டி, பழைய துணி வாங்கி விற்கும் தர்மக் கடைக்கு அனுப்பினாள். இப்போது அவன் இருப்பது புறவழிச்சாலையோரம் ஒரு விடுதியில். ஒரு கட்டில், ஒரு கைகழுவும் தொட்டி. அறைக்குள் விருந்தாளிகளை விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சிப்ஸ் தின்போம். மேல்வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று அவன் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.