மறுநாள் தேதி போட்ட ரசீது

எனக்குப் பொறுமை கிடையாது. தபால் நிலையக் கவுண்டரில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு அது எங்கே மிச்சமிருக்கும்? விலாசம் எழுதாமல் வந்து என்னிடமே பேனா கேட்கிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அதற்காகவெல்லாம் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. கெட்டது ஒரே ஒருவரால்.

தேதி முத்திரையின் எண்களைத் தினமும் காலையில் இடுக்கியால் மாற்ற வேண்டும். மாற்றியதும் ஒரு புத்தகத்தில் குத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் வந்து சேரும்போதே வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். அதனால் முதல் நாள் சாயங்காலமே மறுநாள் தேதியை மாட்டிவைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். தெரிந்தால் மெமோ நிச்சயம். மூடுகிற நேரத்தில் யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

அப்படி மாட்டிவைத்த ஒரு சாயங்காலம் வயசான தையல்காரர் ஒருவர் வந்தார். மூச்சு வாங்கியபடி ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கம்பிக்குக் கீழே தள்ளினார்.

"மகளுக்கும்மா. அவ அம்மாவோட சங்கிலி."

"சங்கிலியா? இன்சூர் பண்ணித்தான் அனுப்பணும். கணக்கு மூடிட்டேன், நாளைக்கு வாங்க."

"நாளைக்கு நாளைக்குன்னே ஒரு மாசம் ஓடிப்போச்சு. சும்மா அனுப்பிடும்மா. போட்டதுக்கு ஒரு ரசீது மட்டும் குடு. நாளப்பின்ன யாராச்சும் கேட்டா காட்டணும்ல?"

அந்த ரசீது, பொருளை நீங்கள் எங்களிடம் கொடுத்தீர்கள் என்பதற்குத்தான் சாட்சி. போய்ச் சேர்வதற்கு அது பொறுப்பேற்காது. அதை நான் விளக்கவில்லை. அனுப்புகிறவர் எழுத வேண்டிய ரசீதை, நேரமாகிவிட்டதால் நானே எழுதி, முத்திரையைக் குத்தி நீட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"நாளைத் தேதி போட்டிருக்கேம்மா?"

"ஒரு நாள்ல என்ன குடியா முழுகிடும்? கிளம்புங்க, மூடணும்."

நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி தூக்கத்திலேயே இறந்துவிட்டார்.

அவர் இறந்தது எனக்குத் தெரிந்தது ஒரு மாதம் கழித்து, அவர் மகன் வந்தபோது. அச்சகத்தில் வேலை பார்க்கிறவர். அன்று இரட்டை ஷிப்ட் முடித்து வீடு திரும்பியபோது அப்பா படுத்திருந்தார், எழுப்பவில்லை, விடிந்து தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது என்றார். பெட்டி அக்காவுக்குப் போய்ச் சேரவேயில்லை. ரசீதைக் கம்பிக்குள் நீட்டினார்.

"மேடம், இது அப்பாவ எடுத்த அன்னிக்குத் தேதி. செத்தவர் எந்திரிச்சு வந்து தபால் போட்டாரான்னு அக்கா கேக்குறா. சங்கிலிய நான் அமுக்கிட்டு, வெறும் பெட்டியப் போட்டு ரசீது வாங்கிட்டேனாம். நீங்கதானே எழுதியிருக்கீங்க? முந்தின நாளே எங்கப்பா வந்தாரா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? வந்தார், தப்பு என்னுடையது என்று சொன்னால் முடிந்தது. ஆனால் மெமோ, விசாரணை, ஒருவேளை வேலையே போய்விட்டால்? எனக்குப் பயம். அதற்கு வேறு பெயர் வைத்து அழகு பார்க்கப்போவதில்லை.

"தினம் நூறு பேரு வர்றாங்க. யாரைன்னு ஞாபகம் வெச்சுக்கிறது? ரசீதுல இருக்குறதுதான் தேதி."

"அப்ப, இந்தத் தேதிதானா?"

"ஆமா."

தலையாட்டினார். "சரிங்க மேடம், ரொம்ப நன்றி," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து தையல்காரர் வர ஆரம்பித்தார். பட்டப்பகலில், கூட்டத்துக்கு நடுவில். முத்திரையை ஓங்கும்போதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம் யாரோ குனிகிற மாதிரி இருக்கும். மெஷின் எண்ணெய் வாசனை வரும். நிமிர்ந்தால் வேறு யாரோ நிற்பார்கள். "நாளைத் தேதி போட்டிருக்கேம்மா?" என்று அவர் கோபமே இல்லாமல் கேட்பார். அதுதான் தாங்க முடியவில்லை. தேதியைப் பார்ப்பேன், சரியாக இருக்கும். நம்பாமல் மறுபடி குத்துவேன். "மேடம், உறைக்குள்ள கடிதம் இருக்கு, அது உயிரோட போகட்டும்," என்று ஒருவர் கிண்டல் பண்ணினார். வரிசையே சிரித்தது. முதல் நாளே தேதி மாற்றுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். அவர் வருவதை நிறுத்தவில்லை.

ஏழு வருஷம் போயிற்று. ஓய்வு பெற்று, பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த வாரம் தையல்காரர் வீட்டைத் தேடிப் போனேன். அதற்கு ஒரு நாள் முன்னால்கூடப் போகவில்லை.

மகன்தான் கதவைத் திறந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கூடத்துத் தரையில் பாதி ஓடுகளைப் பெயர்த்துச் சுவரோரம் அடுக்கியிருந்தார். அலமாரிக்கு முதுகுப்பலகை இல்லை. தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி ஒரு துணிமேல் பரப்பி வைத்திருந்தார்.

"வீட்டுல வேலை நடக்குதா?"

"இல்ல மேடம். தேடிட்டிருக்கேன்."

"என்னத்த?"

"சங்கிலியத்தான்." சாவகாசமாகச் சொன்னார். "அப்பாவ எடுத்த அன்னிக்கு நான் என் நெனப்புலயே இல்ல. யாரு வந்தா, எங்க போனேன், ஒண்ணும் தெரியாது. அப்பா சட்டையத்தான் போட்டிருந்தேன். அந்தப் பையிலதான் ரசீது இருந்துச்சு. நீங்களும் தேதி சரின்னு சொல்லிட்டீங்க. அப்ப நான்தானே போயிருக்கணும்? போனவன் சங்கிலிய இங்கதான் எங்கியோ ஒளிச்சிருக்கணும்."

முத்திரை, முதல் நாள் சாயங்காலம், அவர் அப்பா கேட்டது, நான் எரிந்து விழுந்தது, கடைசியில் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அவசர அவசரமாக அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "நீங்களே சொல்லுங்க மேடம், நீங்களே சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அன்னிக்கு அவன் கேட்டப்ப ஞாபகம் வரல. வேலைய விட்டு வந்ததும் எல்லாம் ஞாபகம் வந்துடுச்சாக்கும்? சரி, இதச் சொல்றதுக்கு என் தம்பி உங்களுக்கு எவ்வளவு குடுத்தான்?"

போன் கட்டாகிவிட்டது. முத்திரைப் புத்தகத்தை அக்காவிடம் காட்டலாமா என்று மகன் கேட்டார். பழைய புத்தகங்களை எல்லாம் எப்போதோ அழித்துவிட்டார்கள் என்றேன். அவர் போனை மெஷின் பாகங்களுக்கு நடுவில் வைத்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். தெளிந்த முகம் பழையபடி ஆகியிருந்தது.

"மேடம், உண்மையச் சொல்லுங்க," என்றார். "நான் உங்களுக்கு ஏதாச்சும் குடுத்தேனா?"