கதவு பூட்டியிருந்தது

ஐந்தாவது மாடியின் கடைசித் திருப்பத்தில் அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். முழங்கால்கள் மூன்றாவது மாடியிலேயே முனக ஆரம்பித்துவிட்டன. தோளில் தொங்கிய பையில் பதினோரு சம்மன்கள், பசை டப்பா, அதற்கொரு பிரஷ், தண்ணீர் பாட்டில், பாதி தின்ற ரொட்டி. இவையெல்லாம் அன்றாடம் இருப்பவை. இன்று கூடுதலாக இரண்டு நீளக் கவர்கள். இரண்டின் மேலும் அவள் கையெழுத்தில் ஒரே முகவரி: பொதுநலச் சட்டக் கல்லூரி, மாலை வகுப்புச் சேர்க்கைப் பிரிவு. இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். அதுவும் இன்று மாலை ஐந்து மணிக்குள். எது என்று காலையில் தெரியவில்லை, மதியம் பன்னிரண்டுக்கும் தெரியவில்லை.

பெல்லை அழுத்தினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"யாரு?"

"கோர்ட்லேர்ந்து வர்றேங்க. ஒரு சம்மன் குடுக்கணும்."

பிறகு அதே குரல், கதவிலிருந்து சற்றுத் தள்ளிப்போய் நின்றுகொண்டு சொன்னது:

"வீட்டுல யாரும் இல்லைங்க."

"அப்ப பேசுறது யாருங்க?"

"பூட்டியிருக்குன்னு எழுதி ஒட்டிட்டுப் போங்களேன். எல்லாரும் அப்படித்தானே எழுதுவாங்க?"

"நான் எழுதுறதில்லைங்க. நீங்க நிதானமா வாங்க, இங்கதான் படியில உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்துவிட்டாள். சொல்லப்போனால் உட்கார ஒரு சாக்குக் கிடைத்ததே என்றிருந்தது.

கோர்ட்டில் சம்மன் கொடுக்கும் வேலை அவளுக்கு. பதினான்கு வருஷம் ஆகிறது. வழக்குப் போட்டிருக்கிறார்கள், இன்ன தேதியில் வா என்கிற காகிதத்தை ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிவர வேண்டும். ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டு, "கதவு பூட்டியிருந்தது, சம்மன் கதவில் ஒட்டப்பட்டது" என்று எழுதி, அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்படி எழுதிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அந்த ஆளுக்குச் சேதி தெரிந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு அவர் வராவிட்டால் அவர் இல்லாமலே தீர்ப்பு. ஆபீசில் மற்ற சம்மன்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து நாலைந்து கதவுகளைக் காகிதத்திலேயே பூட்டிவிட்டு டீ குடிப்பார்கள். இவள் மட்டும் ஒன்பது வருஷமாக எந்த மாடியையும் விடாமல் ஏறுகிறாள். அதனால் அவளுக்கு 'மாடியம்மா' என்று பெயர். கேலியும் உண்டு, கொஞ்சம் மரியாதையும் உண்டு. அந்த மரியாதையைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல உள்ள லிஃப்டையெல்லாம் நான் ஓட வைக்கிறேன், எம் பொண்டாட்டி படியேறியே ஓடாப் போறா" என்பான், தைலம் தேய்த்துவிடும்போது. அவள் போகிற கட்டடங்களில் லிஃப்டே கிடையாது. இருந்தாலும் ஓடாது.

கல்லூரி விஷயம் தற்செயலாக வந்தது. அங்கே தோட்ட வேலை பார்ப்பவருக்கு ஒரு சம்மன். அவர் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்: "இதுக்கு நான் இப்ப என்னம்மா பண்ணணும்?" அவளும் எப்போதும் சொல்வதையே சொன்னாள்: "தேதி போட்டிருக்குங்க. அன்னைக்கு வந்துருங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு அதிகாரமில்லை, அறிவும் போதாது. பதினான்கு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் கேட்ட கேள்வி. திரும்பும்போது சுவரில் அறிவிப்பைப் பார்த்தாள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாட ஆட்களைத் தயார் செய்யும் கல்லூரி; வேலையில் இருப்பவர்களுக்கு மாலை வகுப்பில் பன்னிரண்டு இடங்கள். படித்து முடித்தபோது அவளுக்கு ஏனோ கண் கலங்கியது. முப்பத்தொன்பது வயதில் இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் உள்ளே போய் விண்ணப்பத்தை வாங்கிவிட்டாள்.

விண்ணப்பத்தில் பேர், வயது, படிப்பு எல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்தன. அடுத்த பக்கம்தான் இரண்டு மாதமாக அவள் உயிரை எடுத்தது. "உங்கள் வேலையில் நீங்கள் கண்ட ஒரு அநீதியை எழுதுக. அதில் உங்கள் பங்கு என்ன?" கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று: கட்டுரையை அலுவலகத் தலைவர் படித்துப் பார்த்து, விவரங்கள் சரி என்று கையெழுத்தும் முத்திரையும் இட வேண்டும்.

முதலில் எழுதியது ஒரு முதியவரைப் பற்றி. கண் தெரியாதவர். சம்மனை அவருக்கு மூன்று தடவை படித்துக் காட்டி, விசாரணை நாளன்று தானே கைபிடித்துக் கோர்ட்டுக்கு அழைத்துப்போனாள். நடந்ததுதான். ஒரு வார்த்தை பொய் இல்லை. இரண்டு பக்கத்தில் லட்சணமாக வந்திருந்தது. படித்த புருஷன், "பாஸு" என்றான்.

இரண்டாவது கட்டுரை நான்கு பக்கம். அது திரைச்சீலை தைக்கும் பெண்ணைப் பற்றி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நான்காவது மாடியில் குடியிருந்தவள். வீட்டு உரிமையாளர் தன் சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார். சம்மனை எடுத்துக்கொண்டு இவள் போனாள். கட்டடத்தின் அடிப்படியில் உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்த்தாள். பிறகு மடியில் காகிதத்தை வைத்து எழுதினாள்: கதவு பூட்டியிருந்தது. எதிரே சைக்கிள் ரிப்பேர் பார்த்தவர்களிடம் இரண்டு கையெழுத்து. சம்மனை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மூன்று நிமிஷ வேலை. மேலே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கட்டுரையில் முதலில் அன்று மழை என்று எழுதியிருந்தாள். மழை இல்லை. அடித்துவிட்டு, மகளுக்குக் காய்ச்சல் என்று எழுதினாள். காய்ச்சல் அதற்கு முந்தின வாரம். அதையும் அடித்தாள். காரணம் என்று தேடித்தேடிப் பார்த்ததில் கடைசியில் மிஞ்சியது அலுப்பு. அலுப்பாக இருந்தது, ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து மாதம் கழித்து வீட்டைக் காலி செய்ய வைக்கப் போன அதிகாரிக்குத் துணையாக அவளையே அனுப்பினார்கள், இடம் தெரிந்தவள் என்று. அன்றுதான் அந்த நான்கு மாடியை முதல்முதலாக ஏறினாள். பூ எம்பிராய்டரி போட்ட பாதித் திரைச்சீலை மெஷினில் மாட்டியபடியே இருந்தது. அந்தப் பெண் அழவில்லை, சண்டை போடவில்லை. வெளியே வந்து கதவைக் கையால் தடவித் தடவிக் காட்டினாள். "பாருங்கம்மா. போன வருஷம் நானே பெயின்ட் அடிச்ச கதவு. பசை ஒட்டின தடம் எங்கயாவது இருக்கா? எனக்கு யாருமே சொல்லலையே." அதிகாரி ஃபைலைப் பார்த்து, "ஒட்டினதா இருக்கேம்மா" என்றார். இவள் பக்கத்திலேயே நின்றாள். பேசவில்லை. மெஷினை இரண்டு பேர் படிப்படியாகத் தட்டிக்கொண்டே இறக்கினார்கள்.

பிறகு தேடினாள். ஊரில் யார் எந்தச் சந்தில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவளுக்கு அந்த ஒரு முகவரி மட்டும் கிடைக்கவேயில்லை.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து பனியன் போட்ட ஒருவர் தலையை நீட்டினார்.

"நெஜமாவே உக்காந்திருக்கீங்களா?"

"இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டார். காகிதத்தைப் புரட்டினார். கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும், கேட்டார்.

"இதுக்கு நான் என்னங்க செய்யணும்?"

"தேதி போட்டிருக்குங்க. அன்னைக்கு வந்துருங்க."

மீதிப் பத்தையும் கொடுத்து முடித்து அவள் கோர்ட்டுக்குத் திரும்பியபோது மணி நாலாக ஐந்து நிமிஷம். பஸ்ஸில் காலைப் பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. நான்கு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்த புருஷன், டீயை ஆற விட்டுவிட்டான். இத்தனை வருஷம் தைலம் தேய்த்தது எதற்கு என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"இதைப் படிச்சா உங்க தலைமை எழுத்தர் மேலிடத்துக்கு எழுதித்தானே ஆகணும்? வேலை போயிரும். அங்க சீட்டும் குடுக்க மாட்டாங்க. ரெண்டும் இல்லாம நிப்ப."

"தெரியும்."

"கண்ணு தெரியாத பெரியவர் கதையும் உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்புறம் என்ன?"

அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போய்விட்டாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கிளம்பும்போது இரண்டு கவரையும் அவனே பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டான்.

கையெழுத்துப் போட வேண்டிய தலைமை எழுத்தரின் அறையில் ஃபைல்கள் ஜன்னலை மறைத்து நின்றன. அவர் ஓய்வு பெற இன்னும் நாலு மாதம். மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு, அது வக்கீல்களுக்கு. சம்மன்காரர்கள் நின்றுதான் பேசுவார்கள். நல்ல மனுஷர். அவள் வேலையில் சேர்ந்த முதல் வாரம், வீங்கிய காலோடு வந்து நின்றவளிடம் அவர்தான் பரிவாகச் சொன்னார்: "மூணு மாடிக்கு மேலன்னா பூட்டியிருந்துச்சுன்னு எழுதிரும்மா. கோர்ட்டு வேலை போகும் வரும். காலு உன்னோடது." அந்த வார்த்தைகளையும் கட்டுரையில் எழுதியிருந்தாள். நேற்று சுத்தமாகத் திருப்பி எழுதும்போது அதை விட்டுவிட்டாள். சொன்னது அவராக இருக்கலாம், அடிப்படியில் உட்கார்ந்தது அவரில்லை.

"என்னம்மா, காலேஜ் ஃபாரமா? கொண்டா, கொண்டா. மாடியம்மா வக்கீலம்மா ஆகப்போறா."

பைக்குள் கையை விட்டாள். மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று, தொட்டாலே தெரிந்தது. காலையிலிருந்து இரண்டையும் சுமந்து சுமந்து ஓய்ந்துபோயிருந்தாள். தடித்ததை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அவர் காகிதங்களை உருவினார். முதல் மூன்று பக்கத்தைக் கட்டைவிரலால் ஒதுக்கிவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடிக்குப் போனார். கண்ணாடிகூடப் போடவில்லை. "படித்துப் பார்த்தேன். விவரங்கள் சரி" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஊதி ஊதி அழுத்தினார். "ஓடு, நாலேகால் பஸ் இருக்கு."

உடம்பு முழுக்க ஒரு நிம்மதி இறங்கியது. இதைப் பொய்யென்று சொல்ல முடியாது. இவ்வளவு சுலபமா என்றிருந்தது. எழுத வேண்டியதை எழுதியாயிற்று, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, வேலையும் பத்திரம். அவர் படிக்கவில்லை என்றால் அது அவர் பாடு. கவரை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். வராந்தா பெஞ்சில் கையில் சம்மனோடு நாலைந்து பேர், யாரைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். காகிதத்தை மடிக்கப் பார்த்தாள், மை காயவில்லை. காயட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றவள் அந்த வரியை மறுபடி படித்தாள். படித்துப் பார்த்தேன். அவருடைய எழுத்து சாய்ந்து, அழகாக இருந்தது. இரண்டே இரண்டு விநாடியில் எழுதியது. அவள் எழுதியதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும், அடிப்படியில் உட்கார்ந்து.

திரும்பி வந்து காகிதங்களை மேஜைமேல் வைத்தாள்.

"இன்னும் போகலையா? பஸ் போயிரும்மா."

"நீங்க படிக்கலையே சார்."

"உன்னைத் தெரியாதா எனக்கு? பதினாலு வருஷமா பாக்குறேன். நீ என்ன பொய்யா எழுதிருக்கப்போற?"

"பொய் எழுதல சார். அதனாலதான் சொல்றேன், படிங்க."

"சரி, நாளைக்குப் படிக்கிறேன். கையெழுத்துத்தான் போட்டாச்சே."

"படிச்சிட்டு அதை அடிக்கணும்னா அடிச்சிருங்க சார். ஆனா படிச்சிருங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தை. மேஜை டிராயரை இழுத்து, கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்தை எடுத்து, ஃபைல் படிக்கிற பழக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் அடியில் நகத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். அன்று மழை பெய்யவில்லை என்று தொடங்கும் பக்கம்.

வெளியே பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, போயிற்று. அவர் இரண்டாவது பக்கத்துக்கு வந்தார். பாதியில் நகம் ஒரு வரியில் நின்றது. அந்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போயிற்று. மறுபடி மெதுவாக வந்து அதே இடத்தில் நின்றது. அவள் எடையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றினாள்.

"உக்காரும்மா" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எச்சில் தொட்டு மூன்றாவது பக்கத்தைத் திருப்பினார்.