கறியும் கிடாவும் ஒரே பந்தியில்

1

இந்தக் கதை எனக்குப் பந்தியில் கிடைத்தது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சாப்பிடத்தான் போனேன். கதை தானாக வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டது. முதல் வரியை இப்படி எழுதினேன்:

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து—

(அடித்துவிட்டேன். மனிதகுலம் என்று தொடங்குகிறவன் கடைசியில் நன்கொடை கேட்பான்.)

2

மறுபடியும். இந்துமதி துறைமுகச் சாலையில், இறால் ஏற்றுமதி செய்த பழைய குளிர்கிடங்கில், ஆட்டுக்கறி வளர்க்கிறாள். ஆட்டை அல்ல, கறியை. கருப்பன் என்ற கிடாவின் தொடையில் ஊசியால் துளிச் சதை எடுத்து, அதன் செல்களைத் தொட்டியில் சத்துநீர் விட்டுப் பெருக்குவாள். தொட்டி தொட்டியாகக் கெட்டுப்போனது. கடைசியில் அந்த முனைவர் பட்டக்காரி, எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே கைவந்த காரியத்தைச் செய்தாள்: மாடனுக்கு நேர்ந்துகொண்டாள்.

"மாடா, ஆட்ட வெட்டாம கறி வளந்துட்டா, உனக்குக் கருப்பன வெட்டுதேன்."

கறி வளர்ந்துவிட்டது.*

*கடையில் விற்க அனுமதி வரவில்லை. சாமிக்குப் படைக்க எந்த அலுவலகத்தில் மனுப்போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

3

மதியக் கொடை. கிடாவின்மேல் மஞ்சள்நீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் மாடன் சம்மதித்தான், வெட்டலாம். சிலுப்பாவிட்டால் அரிவாள் இறங்காது.

இந்துமதி தான் வளர்த்த கறியை அண்டாவில் சமைத்துக் கொண்டுவந்திருந்தாள். கோயில் தலைவர் மந்திரமூர்த்தி ஒலிபெருக்கியில் மூவாயிரம் வருசப் பாரம்பரியம் பேசினார். (கோயில் கட்டும்போது நான் காலேஜில் இரண்டாம் வருடம்.)

"நேந்தது நேந்ததுதான் ஏளா. டப்பாக்கறியக் காட்டி மாடன ஏமாத்தப் பாக்கியா?"

"இதும் கருப்பந்தான் சித்தப்பா."

"அப்ப அங்கன நிக்கது யாரு, அவன் தம்பியா?"

தெளித்தார்கள். கருப்பன் சிலுப்பவில்லை. குடத்தோடு கவிழ்த்தார்கள். சொட்டச் சொட்ட நின்று அசைபோட்டது.

(இங்கே தெய்வத்தைக் கொண்டுவந்தால் கைதட்டல் நிச்சயம். ஆனால் ஊசி குத்துமுன் இந்துமதி ஒவ்வொரு முறையும் அதைக் குளிப்பாட்டுவாள். தண்ணீர் அதற்குப் பழகிப்போயிற்று.)

அடுத்த குடம் வருவதற்குள் இந்துமதி அண்டாவை இழுத்து மாடன் முன்னால் வைத்தாள்.

"தெரியாம வாயவிட்டுட்டேன் மாடா. உசுர எங்கிட்ட விட்டுரு, கறிய நீ எடுத்துக்கோ. சம்மதம்னா இவன் இப்பச் சிலுப்பட்டும்."

யாரும் ஒரு சொட்டு தெளிக்கவில்லை. கருப்பன் கொம்பிலிருந்து வால்வரை சிலுப்பியது. தலைவரின் வெள்ளைவேட்டி முழுக்க மஞ்சள்.

குலவை கடல்வரை கேட்டிருக்கும்.

4

வெற்றி என்றால் வெற்றி. மந்திரமூர்த்தி மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"எல்லாஞ் சரி ஏளா, உறிஞ்ச ஒரு நல்லி எலும்பு இல்லையே?"

"அடுத்த கொடைக்குப் பாப்போம் சித்தப்பா. அதுக்கு எதையும் நேர மாட்டேன்."

5

அந்த நேரம் பார்த்து ஏன் சிலுப்பியது? ஒரு வரைவில் மாடன். இன்னொன்றில், முதுகில் ஓர் ஈ. மூன்றாவதில்—

வேண்டாம். உங்களுக்கும் இலை போட்டாயிற்று. கறி ஆவி பறக்கிறது. எதிரே கருப்பன், உங்கள் முகத்தையும் இலையின் நுனியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

முடிவு உங்கள் கையில். சீக்கிரம் எடுங்கள், இலையை அது தின்றுவிடும்.