குவாரி ஏரிக்குப் போகிறவர்கள்

மகன் சின்னவன் செத்துப் போன பிறகு தையல்காரம்மா தன் கடையைக் காலிசெய்தாள். மிஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, மூடிக் கிடந்த குவாரிக்கு எதிரே இருந்த டீக்கடையின் மாடி அறைக்குக் குடிவந்தாள். சுண்ணாம்புக்கல் வெட்டிய குவாரி அது. வேலை நின்றதும் மழைத்தண்ணீர் தேங்கி ஏரியாகிவிட்டது. அந்தத் தண்ணீருக்கு எங்கும் காணாத ஒரு பால்நீலம். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, வானத்தைக் கரைத்து ஊற்றியதுபோல. ஆனால் கண்ணில் பட்டால் எரிக்கும் தண்ணீர் அது. கரையோ மேலே கெட்டி, அடியில் பொள்ளல். முள்கம்பி வேலி போட்டு, மண்டையோடு வரைந்த பலகையும் மாட்டியிருந்தார்கள்.

சின்னவன் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான். கரையோரம் நின்று கையை விரித்து ஒரு போட்டோ எடுத்து, "சொர்க்கம்" என்று எழுதி இணையத்தில் போட்டான். அவனோடு போன நண்பன் வண்டியைத் திருப்பி வைப்பதற்குள் கரை சரிந்துவிட்டது. உடல் கிடைக்கவில்லை. ஆளை இறக்கித் தேடினால் அவர்களும் புதைந்துபோவார்கள் என்று தீயணைப்பு அதிகாரி கையை விரித்துவிட்டார்.

போட்டோ மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது. அதைப் பார்த்தவர்கள் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்று கிளம்பி வந்தார்கள்.

குவாரி வாசலில் காவலுக்கு இருந்தவரை எல்லோரும் விசில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். "எமன்கூட ஞாயித்துக்கிழமை லீவு போடுவான் தங்கச்சி. இவங்க அன்னைக்குத்தான் குடும்பத்தோட வர்றாங்க" என்பார். அவர் விசில் ஊதுவார். தையல்காரம்மா கார் கண்ணாடியைத் தட்டிச் சொல்வாள்.

"போகாதீங்கப்பா. என் பிள்ளை உள்ளதான் கிடக்கான்."

முதலில் வந்தவர்கள் பயந்து திரும்பினார்கள். நாளாக ஆக, அவளையும் பார்க்கவேண்டிய ஒன்றாக ஆக்கிவிட்டார்கள். ஒரு பெண் காரிலிருந்து இறங்கி, "அந்தப் போட்டோவில இருக்கறவரோட அம்மா நீங்கதானா? ஒரு செல்ஃபி எடுத்துக்கறேனே" என்று தோளில் கைபோட்டாள். தையல்காரம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்றாள். அன்று முழுவதும் மிஷினில் கை வைக்கவில்லை.

நகரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் மூத்த மகளுக்குப் போன் செய்தாள். "அந்தப் போட்டோவை நெட்ல இருந்து தூக்கச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டியா?"

"போட்டுட்டேம்மா. பதிலே வரலை" என்றாள் பெரியவள். எப்போது கேட்டாலும் அதே பதில்தான்.

மழை விட்ட ஒரு காலையில், தைத்த சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். பின்பக்க வேலி கிழிந்திருந்த இடத்தில் ஓர் இளம் ஜோடி குனிந்து நுழைந்துகொண்டிருந்தது. அவள் மாடிப்படியில் செருப்பில்லாமல் இறங்கி ஓடினாள். "அண்ணே! பின்னாடி!" என்று விசில்காரருக்குக் குரல் கொடுத்தாள். சேலை கம்பியில் மாட்டிக் கிழிய, வேலிக்குள் நுழைந்தாள்.

அத்தனை மாதத்தில் ஒருநாளும் அவள் உள்ளே போனதில்லை. பேய் வாய் பிளந்ததுபோல் ஏதோ ஒன்று அங்கே இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஏரி அழகாக இருந்தது. அவ்வளவு அழகை அவள் தன் வாழ்நாளில் கண்டதில்லை. பிள்ளையை விழுங்கியது இப்படியா இருக்க வேண்டும்?

கணவன் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்றான். மனைவி சற்றுத் தள்ளிப் போனைப் பிடித்திருந்தாள்.

"தம்பி, வந்துடுப்பா! அங்க நிக்காதே!"

அவன் சிரித்தான். "ரெண்டே நிமிஷம்மா. இதோ வந்துட்டோம்."

பெரிய சத்தம் எதுவும் இல்லை. மாவுமூட்டை சாய்ந்ததுபோல் ஒரு சத்தம். அவன் நின்ற இடம் இல்லை. மனைவி பெயர்சொல்லிக் கத்திக்கொண்டு விளிம்பை நோக்கி ஓடினாள். தையல்காரம்மா பாய்ந்து அவள் பின்னலைப் பற்றி இழுத்து, கீழே தள்ளி, அவள்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். அந்தப் பெண் கடித்தாள், பிறாண்டினாள். தையல்காரம்மா விடவில்லை. விசில்காரர் வந்து இருவரையும் காலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். யாருக்காக ஊதுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. அதே அதிகாரி வந்தார். ஏரியைப் பார்த்தார், பிறகு தையல்காரம்மாவைப் பார்த்தார். இந்த முறையும் யாரையும் தண்ணீரில் இறக்கவில்லை.

சொந்தக்காரர்கள் வரும்வரை அந்தப் பெண்ணை மாடி அறைக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். தலைமயிரெல்லாம் சுண்ணாம்புத் தூள். செய்தி கேட்டு மத்தியானமே பெரியவளும் பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

"எங்களுக்கு இந்த இடமே தெரியாதும்மா. ஒரு பையன் கையை விரிச்சு நிக்கிற போட்டோ பாத்தோம். இவர்தான் போலாம் போலாம்னாரு" என்றாள் அந்தப் பெண். பிறகு தன் போனை நீட்டினாள். "இதுல சிரிக்கிறாரு பாருங்க. இதை நான் என்ன பண்ணட்டும்?"

அழி, அழி என்று இத்தனை நாள் மகளை நச்சரித்தவளுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"வச்சுக்கம்மா. உனக்கு மட்டும் வச்சுக்க. ஊருக்குக் காட்டிடாதே."

பெரியவள் எழுந்து வெளியே போனாள். தாய் பின்னாலேயே போனபோது அவள் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நான் யாருக்கும் எழுதவே இல்லம்மா. தம்பியோட கணக்கு என் போன்லதான் திறந்திருக்கு. எப்பவோ அழிச்சிருக்கலாம். தினமும் யாராவது அவனுக்கு ரெண்டு வார்த்தை எழுதுறாங்க. அதையும் மூடிட்டா அவனுக்குன்னு எதும்மா இருக்கு?"

தையல்காரம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன எழுதுறாங்க? படி."

பெரியவள் படித்தாள். உன்னைத் தெரியாது, ஆனாலும் அழுதேன் என்று ஒருவர். உன் சாப்பாட்டைத் தினமும் திருடியது நான்தான்டா என்று பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவன். தாய்க்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததில் ஒருத்தி கேட்டிருந்தாள்: இந்த இடத்துக்கு எப்படிப் போவது?

"போதும்" என்றாள் தையல்காரம்மா.

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் போட்டோவை அழித்தாள். முடிந்ததும் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அம்மா, இதை எத்தனையோ பேரு எடுத்து அவங்கவங்க பக்கத்துல போட்டிருக்காங்க. அதெல்லாம் போகாது."

"தெரியும். நம்ம கையால காட்டுறது நின்னுச்சுல்ல, அது போதும்."

சாயங்காலம் அந்தப் பெண்ணின் மாமனாரும் அண்ணனும் காரில் வந்தார்கள். அவள் ஏறமாட்டேன் என்று தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரை இங்கே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தையல்காரம்மா தன்னையே தினமும் கேட்டுக்கொண்ட கேள்வி அது. கிழிந்த சேலையை மாற்றாமலே அந்தப் பெண்ணோடு காரில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலை குவாரி வாசலில் அம்மாவுக்குப் பதில் பெரியவள் நின்றாள். முதலில் வந்த கார் கண்ணாடியைத் தட்டினாள்.

"போகாதீங்க. என் தம்பி உள்ள கிடக்கான். நேத்து இன்னொருத்தரும்."

காரில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் நிற்கவில்லை. வேலியை ஒட்டிப் பின்பக்கமாகத் திரும்பினார்கள். விசில்காரர் ஊதினார். பெரியவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.