வாசல் மறித்தவள்

வயிறு எரிகிறது என்று சும்மா சொல்வார்கள். அன்று எனக்கு நெஞ்சு வரைக்கும் எரிந்தது.

அம்மா செத்தபோது தம்பி திலக்ஷன் தவழ்கிற பிள்ளை. அவனைத் தோட்டத்தில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய், பகலில் ஓடிவந்து சோறூட்டி வளர்த்தவள் நான். அவனுக்காகவே கட்டாமல் நின்றுவிட்டேன். இப்போது முழங்கால் வலியில் வேலையையும் விட்டாயிற்று. தங்கை கிருஷாந்தியோ கொழும்புக்குப் போனாள், கட்டினாள், ஒரு பையனைப் பெற்றாள். தம்பி கல்யாணத்துக்கு மகாராணி மாதிரி வந்து இறங்கினாள்.

பொண்ணு ஊரான உடப்புசல்லாவையில் தாலி கட்டு முடிந்து, பொண்ணு மாப்பிள்ளை வேனில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வந்ததும் வாசல் மறிக்க வேண்டும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் குறுக்கே நின்று, "ஒனக்குப் பொண்ணு பொறந்தா எம் மகனுக்குக் குடுப்பியா?" என்று கேட்பாள். சரி என்றால்தான் உள்ளே விடுவாள்.

"கிருஷாந்தி மறிக்கட்டும். அவளுக்குத்தானே பையன் இருக்கான். நீ பால்பழத்தப் பாரு, சுலக்ஷனா," என்றார் மீனம்மா அத்தை.

"ஆமா, அடுப்படிக்கு மட்டும் நான் வேணும்!" என்றேன். யார் காதிலும் விழவில்லை.

வேன் வந்து நின்றது. கிருஷாந்தி சேலை மடிப்பை நீவிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். புதுப்பெண் லோஜனா திலக்ஷனின் கையைப் பிடித்து இறங்கினாள். நான் பிடித்து நடை பழக்கிய கை! பால் செம்பை டொக்கென்று வைத்தேன். கிருஷாந்தியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"அடி கூறு கெட்டவளே! புள்ள இல்லாத நீ என்னத்தக் கேக்கப் போற?" என்று அத்தை கத்தினார்.

கேட்க என்னிடம் ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திலக்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது.

"பொண்ணோ பையனோ, பொறந்தா எனக்குக் குடுப்பியா?" என்றேன். அவனிடம் இல்லை, அவளிடம்.

லோஜனா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பின்ன யாருக்குங்க குடுக்கிறது, மதினி? புள்ள பெத்த லீவு முடிஞ்சா நான் கொழுந்து எடுக்க மலைக்குப் போகணும்ல. நீங்கதான் வளர்க்கணும்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கெட்டிக்காரி! வாசல்படி ஏறுமுன்னே எனக்கு வேலை வைத்துவிட்டாள். உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. அதை அவளிடம் காட்டவா போகிறேன்? கையை இறக்கினேன்.

"வலது கால எடுத்து வச்சு வா."

"அப்ப எம் மகனுக்கு?" என்று பின்னாலிருந்து கிருஷாந்தி கேட்டாள். முகம் சிவந்திருந்தது.

"பொண்ணு பொறந்தா எங்கிட்ட வந்து கேளுடி," என்றேன்.