கம்பத்தில் ஏறிய வேட்டி

பைடம்மா இழுக்க இழுக்க வேட்டி பாதிக் கம்பத்தில் சுற்றிக்கொண்டு மேலே ஏற மறுத்தது. கங்கம்மா கோயில் மேட்டில் காற்று எப்போதுமே பொல்லாதது. இன்றைக்கு அதற்குக் கூடுதலாகக் கோபம் வந்துவிட்டது போல இருந்தது. "ஏறித் தொலையேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை ஒரு சுண்டு சுண்டி இழுத்தாள். சிக்கு விட்டது. வேட்டி விறுவிறுவென்று உச்சிக்குப் போய் விரிந்தது.

அந்தத் துறையில் யார் செத்தாலும் அவருடைய துணி ஒன்று இந்தக் கம்பத்தில் ஏறும். கடலில் அதை முதலில் பார்க்கிறவன் வலையை எடுத்துவிட்டு, தன் சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி உயரத் தூக்கிப் பிடிப்பான். அவனுக்கு அப்பால் இருக்கிறவன் அதைப் பார்த்துத் தன் சட்டையைக் கட்டுவான். இப்படிச் சட்டை சட்டையாகச் சேதி கடைசிப் படகு வரைக்கும் போய்விடும். செல்போனெல்லாம் அங்கே வெறும் டார்ச் லைட்டுதான். சட்டையைப் பார்த்த பிறகு எவனும் வலை போடமாட்டான். எல்லாப் போட்டும் கரைக்குத் திரும்பும். செத்தது யார் என்று கரைக்கு வந்தால்தான் தெரியும்.

இதெல்லாம் செத்தவர்களுக்கு. அந்த வேட்டிக்குச் சொந்தக்காரர், பைடம்மாவின் அப்பா மாசேனு, இன்னும் வீட்டில் உயிரோடு படுத்திருந்தார்.

அவள் மேட்டைவிட்டுப் பாதி இறங்குவதற்குள் நரசம்மா அத்தை மாரில் அடித்துக்கொண்டு எதிரே ஓடிவந்துவிட்டாள். மாசேனுவின் தங்கை. அழுகையில் அவளை மிஞ்ச அந்தத் துறையில் ஆள் கிடையாது.

"போயிட்டியா அண்ணே! என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியா!"

"அத்தை, கத்தாத. நைனா இருக்காரு."

அத்தைக்குத் திறந்த வாய் மூடவில்லை. மேலே பார்த்தாள். வேட்டி படபடத்தது. பைடம்மாவைப் பார்த்தாள்.

"இருக்காரா?"

"இருக்காரு. ஆனா தாங்காது. விடிஞ்சதுலேருந்து மூச்சு மாறிப்போச்சு. காலு சில்லுனு ஆயிருச்சு. நீயே வந்து தொட்டுப் பாரு."

"அதுக்குள்ள எதுக்குடி ஏத்துன, பாவி! உசுரோட இருக்கறவருக்கு யாராச்சும் துணி ஏத்துவாங்களா? கங்கம்மா கண்ணு சும்மா விடுமா? சீசன் தொறந்து நேத்துலேருந்துதான் கடலுக்கே போறாங்க. தடைக் காலத்துல ரெண்டு மாசம் கஞ்சி குடிச்சிட்டுக் கெடந்த ஆம்பளைங்க இப்ப வலைய அள்ளிக்கிட்டு வந்து நிப்பாங்களே, என்ன பதில் சொல்லுவ?"

"எல்லாஜி வரணும் அத்தை. அவன் வந்து இவரு மொகத்தைப் பாக்கணும். வேற எப்படிக் கூப்பிடறது, நீ சொல்லு. நீந்திப் போயா கூப்பிடட்டும்?"

 தம்பியை ஏன் கூப்பிடவேண்டும் என்று அத்தைக்கும் தெரியும். சுவர் ஒன்றுதான் இரண்டு வீட்டுக்கும்.

முந்தின நாள் முழுக்க மாசேனு இருமிக்கொண்டே இருந்தார். விசாகப்பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய உடம்பு அது. எல்லாஜி அவரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவன்தான். தூக்கிக் குளிப்பாட்டுவான். மீனை முள் எடுத்து ஊட்டுவான். ஆனால் சீசன் தொடங்கிய களைப்பு, தூக்கமில்லாத கண். இன்றைக்கு விடியும் முன் கிளம்புகிற நேரத்தில், அவன் ஊட்டிய கஞ்சியை அவர் துப்பிவிட்டார். அவனுக்கு வாயில் சனி உட்கார்ந்துவிட்டது. "இருக்கவும் மாட்டேங்கறே, போகவும் மாட்டேங்கறே நைனா" என்றான். சொன்னவன் துடுப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கடலுக்குப் போகும்போது "போயிட்டு வர்றேன்" என்று அப்பாவிடம் சொல்லாமல் அவன் ஒருநாளும் வாசல் தாண்டியதில்லை. இன்றைக்குத் தாண்டினான்.

அந்தச் சொல்லே அப்பாவிடம் பேசிய கடைசிச் சொல்லாகிவிட்டால் தம்பி உருப்படமாட்டான் என்று பைடம்மாவுக்குத் தெரியும். அவளுடைய புருஷன் குஜராத்தில் வேராவல் துறையில் வேலை செய்கிறான். தன் அம்மா செத்த சேதி அங்கே அவனுக்குப் பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் அம்மா படுத்திருந்த கட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இன்னொருத்தன் அப்படி உட்காருவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் வேட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள்.

வீட்டுக்குள் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துவிட்டாள். அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து, அழுவதற்கு அனுமதி இல்லாததால் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மாசேனுவின் கண் மூடியிருந்தது. மூச்சு நின்று நின்று வந்தது.

கொஞ்ச நேரத்தில் முதல் எஞ்சின் சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பிரித்துக் கேட்க முடியாதபடி ஒரே இரைச்சல்.

மாசேனு கண்ணைத் திறந்தார்.

"இந்நேரத்துக்கு ஏன் போட்டு வருது?"

பைடம்மா அவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாப் போட்டும் வருது" என்றார். காது கொடுத்துக் கேட்டார். "யாரு செத்தா?"

அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பைடம்மாவுக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. எந்தப் பேரைச் சொல்வது? சொன்ன பேருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"தெரியல நைனா. யாராச்சும் வந்தா கேக்கறேன்."

வாசலில் நிழல் விழுந்தது. எல்லாஜி இல்லை, குருவுலு. இரண்டு போட்டுக்குச் சொந்தக்காரர், மாசேனுவோடு சின்ன வயதிலிருந்து கடலில் கிடந்தவர். சட்டை இல்லாத உடம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சட்டை துடுப்பிலேயே இருந்தது. கம்பத்து வேட்டியின் கரையை வைத்தே அது யாருடையது என்று அடையாளம் கண்டுகொண்டு, அழுதுகொண்டேதான் மணலில் ஏறி வந்திருக்கிறார். கட்டிலில் மாசேனுவின் கண் திறந்திருப்பதைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பைடம்மா எழுந்து ஓடிப்போய் அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.

"மாமா, நான்தான் ஏத்துனேன்."

"செத்தவனுக்குத்தாண்டி துணி!" குரலை அடக்கத் தெரியாத மனிதர் அடக்கிப் பேசினார். "வஞ்சரம் அப்பிக்கிட்டு வந்துச்சு. பாதி வலைய அறுத்துட்டு வந்திருக்கேன். என்ன நெனச்சிக்கிட்டு இருக்க நீ?"

"எங்க வீட்டுக்கு எந்தத் தண்டனை வேணும்னாலும் போடுங்க மாமா. எல்லாஜி சொல்லாம போயிட்டான். சண்டை போட்டுட்டுப் போயிட்டான். அதான்."

குருவுலு அவளை முறைத்துப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஆண்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் வெற்றுடம்பு. விஷயம் காதுக்குக் காது போனது. ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். இன்னொருவன், "அப்ப நாம என்ன, மாப்பிள்ளை அழைப்புக்கா வந்திருக்கோம்?" என்று முணுமுணுத்தான். யாரோ அவன் விலாவில் இடித்தார்கள்.

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "குருவுலு. வெளிய ஏன் நிக்கற. உள்ள வா."

குருவுலு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"யாருடா போனது?"

"இப்பதான் கரையில கால் வெச்சேன் மாசேனு. யாருன்னு தெரியல. உன்னப் பாத்துட்டு அப்படியே அந்தப் பக்கம் போகலாம்னு வந்தேன்."

அதைச் சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பைடம்மாவை ஒரு பார்வை பார்த்தார். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அவர் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. பைடம்மாவுக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் எல்லாஜி வந்தான். அவனுடையது கடைசிப் போட்டு. வாசல் கூட்டம் வழிவிட்டது.  உள்ளே வந்தான். அப்பாவின் கண் தன்மேல் திரும்புவதைக் கண்டதும் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். 

"வலைய எடுத்துட்டியா?" என்றார் மாசேனு.

"எடுத்துட்டேன் நைனா."

"மீனு?"

"இன்னும் விழல."

"நாளைக்கு விழும்."

எல்லாஜி அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். "காலைல சொல்லாம போயிட்டேன் நைனா. என்னென்னவோ பேசிட்டேன்."

"அதான் வந்துட்டியே" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை. அவன் தலையில் இருந்த மீன் செதிலை விரலால் எடுத்துப் போட்டார். அதற்கே மூச்சு வாங்கியது.

பிறகு வாசல் பக்கம் பார்த்தார். கதவளவுக்குத் தெரிந்த வெளியில் ஆள்மேல் ஆளாக நின்றிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"பைடம்மா."

"என்ன நைனா."

"செத்த வீட்டுல இன்னிக்கு அடுப்பு எரியாது. யாரு வீடா இருந்தா என்ன. அங்க மொதல்ல நம்ம வீட்டுச் சோறு போகணும். உங்கம்மா இருந்தவரைக்கும் அப்படித்தான் போச்சு." நிறுத்தி மூச்சை எட்டிப் பிடித்தார். "நெறைய வடி. எல்லாப் போட்டு ஆளுங்களும் வந்திருக்காங்க."

பைடம்மா தம்பியைப் பார்த்தாள். குருவுலுவைப் பார்த்தாள். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கொல்லைப்புறத்துக்குப் போய் இருப்பதிலேயே பெரிய பானையை எடுத்தாள். மூட்டையில் இருந்த அரிசி முழுவதையும் கொட்டிக் களைந்தாள். அடுப்பில் பனைமட்டை சடசடவென்று எரிந்தது. அவளுக்கு இருமல் வந்தது, அழுகையும் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

உள்ளே பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. குருவுலு, எப்போதோ இரண்டு பேரும் புயலில் மாட்டி ஒடிசா பக்கம் கரை ஒதுங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே பசியில் மாசேனு கல்யாண வீட்டுக்குள் புகுந்து பெண்வீட்டார் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட கதை. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாஜி சிரித்தது தனியாகக் கேட்டது. வலையை அறுத்துக்கொண்டு வந்தவர்கள் இப்படிச் சிரிப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

சோறு பதமாக வெந்திருந்தது. பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு நின்றது. பேச்சும் நின்றது. பைடம்மா பானையை நிமிர்த்தவில்லை. சொட்டுச் சொட்டாகக் கஞ்சி இறங்குவதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

அத்தையின் குரல் எழுந்தது. இந்த முறை அதை அடக்கச் சொல்ல யாருமில்லை.

உள்ளே போனாள். எல்லாஜி அப்பாவின் கையை இன்னும் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை. குருவுலு குனிந்து அவர் கண்ணை மூடிவிட்டார். பைடம்மா அப்பாவின் காலைத் தொட்டாள், காலையிலிருந்து இருந்த அதே சில்லிப்புதான். தம்பியின் முதுகில் கை வைத்தாள். அவன் பெரிதாகக் குலுங்கி அழுதான். அழட்டும் என்று விட்டாள். அது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அத்தை எழுந்து, அழுதுகொண்டே கொல்லைப்புறம் போய் ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். புஸ்ஸென்று சாம்பல் எழும்பி அடங்கியது. பிறகு அத்தை ஆவி பறக்கும் பானையைப் பார்த்தாள்.

"இத என்னடி பண்றது? செத்த வீட்டுச் சோத்தை யாரும் தொடக்கூடாதே."

"செத்த வீட்டுல வடிச்சதில்ல அத்தை. அவரு இருக்கும்போது வடிச்சது. எங்க போகணும்னு அவரே சொல்லியிருக்காரு."

அவள் முந்தானையைச் சும்மாடாகச் சுற்றினாள். அத்தை ஒரு கை பிடிக்கப் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கொல்லைப்படலைத் திறந்து வெளியே போனாள். ஐஸ் கடை ஓரமாகச் சந்துக்குள் திரும்பினாள். வலை உலர்த்தும் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு தெருவில் ஏறி, வேறு வீட்டிலிருந்து வருகிறவளைப் போலத் தன் வீட்டு முன்வாசலுக்கு வந்தாள்.

ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு கொண்டுவருகிறவர்களை வாசலில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டு வாங்கவேண்டும். அது முறை. குருவுலு எழுந்து வந்தார். பானையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். 

"யாரு வீட்டுச் சோறும்மா?"

"மாசேனு வீட்டுச் சோறு" என்றாள் பைடம்மா.

அவர் இரண்டு கைகளையும் நீட்டிப் பானையை வாங்கிக்கொண்டார்.