மணியடித்த வாத்து

அந்தப் பள்ளியின் நூலகரை எல்லோரும் 'உஷ்ஷக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சத்தம் போடுகிறவர்களைப் பார்த்து இருபது வருடமாக அவர் சொல்லிவந்தது 'உஷ்' என்ற அந்த ஒரு சொல்தான். பொய் பேசிப் பழக்கமில்லாதவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய முதல் பொய் அவர் கைக்கு அடங்காமல் போய்விட்டது.

ஒரு மழை நாள் மதியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று இருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில், தங்கள் பள்ளியைப் பற்றிய பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றே வரிகள். மூன்றும் கொட்டாவி வரவழைத்தன. கை சும்மா இருக்கவில்லை. நான்காவதாக ஒரு வரி சேர்த்தார்: 'தொடக்க காலத்தில் இப்பள்ளியின் மணியை, நிறுவனர் வளர்த்த வாத்து ஒன்று அலகால் கயிற்றை இழுத்து அடித்துவந்தது.' தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். சாயங்காலம் அழித்துவிடலாம் என்று நினைத்தவர், வீட்டில் குழாய் உடைந்த அமளியில் மறந்தே போனார்.

எட்டு மாதம் கழித்து, ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கான கட்டுரைப் போட்டியில் முப்பத்தொரு பிள்ளைகள் அந்த வாத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். நடுவராக இருந்த தலைமையாசிரியை நெகிழ்ந்துபோய், பேட்டி எடுக்க வந்த நிருபரிடம் அதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குச் செய்தி வந்தது, ஏதோ ஒரு வாத்தின் படத்தோடு.

மறுநாள் காலை உஷ்ஷக்கா தலைமையாசிரியையின் அறையில் போய் நின்றார்.

"மேடம், அந்த வாத்து விஷயம் பொய். நான்தான் விளையாட்டா எழுதினேன்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா? பேப்பர்லயே வந்திருக்கே."

"பேப்பர்காரருக்கு நீங்கதானே சொன்னீங்க."

"நான் நெட்ல பாத்துட்டுதான் சொன்னேன். சும்மா சொல்வேனா?"

"நெட்ல எழுதினதே நான்தான் மேடம்."

"அதுக்கு ஏதாவது ஆதாரம் வெச்சிருக்கீங்களா?"

பெயர் கொடுக்காமல் எழுதியதால் ஆதாரம் எதுவும் இல்லை. "ரொம்ப உழைக்கிறீங்க. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க" என்று அன்போடு அனுப்பிவைத்தார் தலைமையாசிரியை.

நூலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வரியை அழித்தார். நான்கே நிமிடத்தில் அது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது, இப்போது பத்திரிகைச் செய்தியை ஆதாரமாகக் காட்டியபடி. மூன்றாவது முறை அழித்தபோது, வரலாற்றைச் சிதைக்க வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது.

வீட்டில் கணவரிடம் புலம்பினார். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "நீ சொல்றதை நம்பறேன். ஆனா நிஜமாவே அப்படி ஒரு வாத்து இருந்து, அது தெரியாம நீயும் அதையே கற்பனை பண்ணியிருக்கலாம் இல்லையா?"

இரண்டு நாள் அவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

கடைசி நம்பிக்கை நிறுவனரின் மகள். எண்பது வயதாகியும் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிறவர். விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். "அம்மா, அந்த வாத்து ஞாபகம் இருக்கா?" என்று தலைமையாசிரியை மேடையில் கேட்டபோது, உஷ்ஷக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

மகள் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "அந்தச் சனியனை எப்படி மறப்பேன்? முழங்கையில கொத்தின தழும்பு இன்னும் போகல." கையை உயர்த்திக் காட்டினார். தழும்பு நிஜமாகவே இருந்தது. அரங்கம் கைதட்டித் தீர்த்தது.

தேநீர் கொடுக்கும்போது அவர் உஷ்ஷக்காவை ஓரமாக அழைத்தார். "நீதானேம்மா லைப்ரரி? உனக்குத் தெரியாம இருக்காது. அதுக்கு ஒரு பேரு வெச்சிருந்தோம். நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது. ஒரு வாரமா படுத்துது."

இல்லாத வாத்துக்குப் பெயரை எங்கே போய்த் தேடுவது? உண்மையைச் சொல்லத்தான் உஷ்ஷக்கா வாயெடுத்தார். எதிரே அந்த முகம், மிட்டாய்க்குக் கை நீட்டிய குழந்தையின் முகம்போல இருந்தது.

"கப்பல்" என்றார்.

"கப்பல். ஆமா, கப்பல்தான். அப்பா 'ஏ கப்பலு'ன்னு கூப்பிட்டா ஆடி ஆடி ஓடி வரும்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உஷ்ஷக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. உஷ்ஷக்காவும் மூக்கை உறிஞ்சினார். எதற்கென்று அவருக்கே விளங்கவில்லை.

வீட்டுக்கு நடந்துபோகும்போது, கப்பல் வெள்ளையா பழுப்பா என்று யோசித்துக்கொண்டே போனார். வெள்ளை என்றுதான் ஞாபகம்.